தென்னாப்பிரிக்காவில் அரசியல் அறிவியல் மாஸ்டர்ஸ்: முதலில் கேள்வி, பிறகு விண்ணப்பம்

டர்பனிலோ ஜோஹன்னஸ்பர்க்கிலோ ஒரு தமிழ் வீட்டில் பிள்ளை அரசியல் அறிவியலில் மாஸ்டர்ஸ் படிக்கப்போகிறேன் என்று சொன்னால், "கட்சியில சேரப் போறியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அடுத்த கேள்வி வேலையைப் பற்றியது. அதற்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். விண்ணப்பிக்க நினைப்பவர் அதற்கு முன்னால் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறொன்று: எதைக் கண்டுபிடிப்பதற்காக இரண்டு வருடத்தைச் செலவழிக்கப் போகிறேன்?

இந்த நாட்டில் மாஸ்டர்ஸ் பெரும்பாலும் ஆய்வுப் படிப்பு. வகுப்புக்குப் போய், குறிப்பெடுத்து, தேர்வெழுதி முடித்துவிடலாம் என்ற எண்ணத்தோடு வருபவர்கள் முதல் பருவத்திலேயே திணறுகிறார்கள். கையில் ஒரு நல்ல கேள்வி இருப்பவர்களுக்கு விண்ணப்பம், வழிகாட்டி, உதவித்தொகை எல்லாம் அதைத் தொடர்ந்து வரும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் படிவங்களைவிடக் கேள்விக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ குடும்பத்தோடு வந்து இங்கே தங்கியிருப்பவர்கள் என இரு சாராரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

தென்னாப்பிரிக்காவில் பி.ஏ. மூன்று வருடம். அதற்கும் மாஸ்டர்ஸுக்கும் நடுவில் ஹானர்ஸ் என்று ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பலருக்கு இது புதிது. தேசியத் தகுதிக் கட்டமைப்பில் பி.ஏ. 7ஆம் நிலை, ஹானர்ஸ் 8, மாஸ்டர்ஸ் 9, முனைவர் பட்டம் 10. மூன்று வருட பி.ஏ.வை மட்டும் வைத்துக்கொண்டு நேராக மாஸ்டர்ஸில் சேர முடியாது. ஹானர்ஸ் முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு இணையான 8ஆம் நிலைத் தகுதி ஒன்று வேண்டும்.

ஹானர்ஸ் வருடத்தைப் பாரமாக நினைக்காதீர்கள். நான்கைந்து தீவிரமான பாடங்களோடு ஒரு சிறு ஆய்வும் அதில் உண்டு. ஆய்வு செய்வது உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது அந்த ஒரு வருடத்திலேயே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் ஹானர்ஸோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போகலாம், அந்தப் பட்டத்துக்கும் இங்கே மதிப்பு இருக்கிறது. மாஸ்டர்ஸுக்குப் பல துறைகள் ஹானர்ஸில் 60 முதல் 65 சதவீத மதிப்பெண்ணாவது எதிர்பார்க்கின்றன. ஆகவே ஹானர்ஸை மேலோட்டமாகப் படித்துவிட்டு மாஸ்டர்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது.

வெளிநாட்டுப் பட்டம் வைத்திருப்பவர்கள் முதலில் சாக்வா எனப்படும் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்திடம் பட்டத்தை மதிப்பீடு செய்து வாங்க வேண்டும். உங்கள் பட்டம் இங்கே எந்த நிலைக்குச் சமம் என்று அந்தச் சான்றிதழ் சொல்லும். இது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் மற்ற எதையும் தொடங்குவதற்கு முன் இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். சாக்வா சான்றிதழ் இருந்தாலே இடம் கிடைத்துவிடாது. சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது பல்கலைக்கழகம்தான்.

இரண்டு வகை மாஸ்டர்ஸ்

மாஸ்டர்ஸுக்கு மொத்தம் 180 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு). அந்த 180ம் ஆய்வேட்டுக்கே போவது ஒரு வகை. இதில் வகுப்பு கிடையாது, நீங்களும் உங்கள் வழிகாட்டியும்தான். பாடங்களும் ஒரு சிறு ஆய்வேடும் சேர்ந்தது இன்னொரு வகை. இதில் குறைந்தது 60 கிரெடிட் ஆய்வுக்கு இருக்கும். முழு ஆய்வேடு சுமார் 40,000 முதல் 50,000 சொல், சிறு ஆய்வேடு அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். சரியான வரம்பு துறைக்குத் துறை மாறும்.

வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கும், ஆய்வு முறைகளில் பயிற்சி குறைவாக இருப்பவர்களுக்கும் பாடங்களோடு கூடியதையே சொல்வேன். தனியாக உட்கார்ந்து எழுதுவது பழகியவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டியவர்கள், கேள்வி தெளிவாக இருப்பவர்கள் முழு ஆய்வேட்டை எடுக்கலாம். குறைந்தபட்சக் காலம் ஒரு வருடம் என்று எழுதியிருந்தாலும் முழு ஆய்வேட்டுக்கு இரண்டு வருடம் என்று கணக்குப் போட்டுப் பணத்தையும் நேரத்தையும் ஒதுக்குங்கள்.

கேள்வியைக் கண்டுபிடிப்பது

"தென்னாப்பிரிக்க இந்தியர்களின் அரசியல்" என்பது தலைப்பு. அதில் இன்னும் கேள்வி இல்லை. அதற்குள் ஆயிரம் கேள்விகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். சில உதாரணங்களைப் பார்ப்போம்.

1984 ஆகஸ்டில், வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோருக்குத் தனித்தனி அவை வைத்து நிறவெறி அரசு உருவாக்கிய மூன்று அவை நாடாளுமன்றத்துக்காக இந்தியர்களுக்கென்று ஒரு தேர்தல் நடந்தது. பதிவு செய்த வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் வாக்களித்தார். அதற்கு முந்தைய வருடம் தொடங்கிய நிறவெறி எதிர்ப்பு அமைப்பான ஐக்கிய ஜனநாயக முன்னணியும், 1894இல் காந்தி தொடங்கி 1971இல் மறுபடி உயிர்பெற்ற நட்டால் இந்திய காங்கிரஸும் புறக்கணிப்புக்காக வீடு வீடாகப் போயின. 1994இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோது, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு வாக்களிக்கவில்லை. பத்து வருடத்தில் இடையில் என்ன நடந்தது? இதைத் தொட்டவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒரு வார்டை, ஒரு பேட்டையை எடுத்து நுணுக்கமாகப் பார்க்க இன்னும் இடம் இருக்கிறது.

இன்னொன்று. 1996 அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவு ஆட்சிமொழிகளைப் பட்டியலிடுகிறது. அதே பிரிவு தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது உள்ளிட்ட மொழிகளின் பெயர்களைச் சொல்லி, அவற்றை வளர்ப்பதும் அவற்றுக்கு மதிப்பை உறுதி செய்வதும் தென்னாப்பிரிக்க மொழிகள் வாரியத்தின் கடமை என்கிறது. சாசனத்திலேயே தமிழின் பெயர் இருக்கிறது. அந்தக் கடமை எப்படி நிறைவேறியது, நிதி வந்ததா, பள்ளிகளில் என்ன ஆனது, தமிழ் அமைப்புகள் அரசை எப்படி அணுகின என்பதெல்லாம் நேரடியான அரசியல் அறிவியல் கேள்விகள்.

புதிய விஷயங்களும் உண்டு. 2024 மே 29 தேர்தலில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 40 சதவீத அளவுக்கு இறங்கி, 400 இடங்களில் 159ஐ மட்டும் பிடித்து, பெரும்பான்மையை முதல்முறையாக இழந்தது. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் ஜூமாவின் எம்.கே. கட்சி சுமார் 45 சதவீதம் வாங்கியது. கூட்டணி ஆட்சி மாகாணத்தில் எப்படி நடக்கிறது, நகராட்சிகளில் எப்படி நடக்கிறது என்று கேட்கத் தொடங்கினாலே பல ஆய்வேடுகளுக்கு வேலை இருக்கிறது. நம் சமூகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நீர்ப் பங்கீடு, கட்சி நிதி, அயலுறவு, தொழிற்சங்கம் என்று மனம் எங்கே போகிறதோ அங்கே போங்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்த அரசியல் ஆய்வாளர்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். 1903இல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை ஆரம்பத்தில் வெளிவந்த நான்கு மொழிகளில் தமிழும் ஒன்று. ஆங்கிலப் பக்கங்களை வைத்து எழுதப்பட்டவை ஏராளம். தமிழ்ப் பக்கங்களையும், கோயில் கமிட்டிகளிலும் சங்கங்களிலும் தமிழில் எழுதி வைத்த பழைய நோட்டுகளையும் படிக்கக்கூடியவர் கையில் வேறு யாருக்கும் கிடைக்காத ஆதாரம் இருக்கிறது. இதை எண்ணிப்பார்க்காமல் தலைப்பை முடிவு செய்யாதீர்கள்.

நான் கேள்வியைச் சோதிக்கும் விதம் எளிது. ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். முடிவில் கேள்விக்குறி இருக்க வேண்டும். எந்த இடம், எந்தக் காலம் என்று அதிலேயே தெரிய வேண்டும். அதற்கு விடை தரும் ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். மூன்றாவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஆதாரங்களைப் பொறுத்தவரை இங்கே நமக்குக் குறையில்லை. தேர்தல் ஆணையம் வாக்குச்சாவடி மட்டத்தில் முடிவுகளை இலவசமாக வெளியிடுகிறது. நாடாளுமன்றக் குழுக்களின் கூட்டங்களை நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு 1990களிலிருந்து பதிவு செய்துவருகிறது. ஆஃப்ரோபாரோமீட்டர் கருத்துக்கணிப்புத் தரவுகளை யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஆவணங்களுக்கு குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதுலி ஆவண மையம், டர்பனின் கில்லி கேம்பல் நூலகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் மாகாண ஆவணக்காப்பகம், விட்ஸ் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆவணப் பிரிவு, கேப் டவுனில் மயிபுயே ஆவணக்காப்பகம். விண்ணப்பிக்கும் முன்பே ஒரு நாளாவது இவற்றில் ஒன்றில் போய் உட்காருங்கள். ஆவணக்காப்பாளரிடம் பேசிய அரைமணி நேரத்தில் தலைப்பே மாறிப்போனவர்கள் உண்டு.

வழிகாட்டியைத் தேடுவது

கேள்வி ஓரளவு உருவானதும் அந்த விஷயத்தில் எழுதியிருப்பவர்கள் யார் என்று பாருங்கள். தென்னாப்பிரிக்க அரசியல் ஆய்வுச் சங்கத்தின் ஆய்விதழ் பொலிட்டிகான். அதன் கடந்த சில வருட இதழ்களைப் புரட்டினாலே எந்தத் துறையில் யார் என்ன செய்கிறார் என்று பிடிபடும். பல்கலைக்கழக இணையதளங்களில் ஆசிரியர்களின் ஆர்வங்கள் எழுதியிருக்கும், ஆனால் அவை பல சமயம் பழையவை; அண்மையில் என்ன எழுதினார் என்பதை நம்புங்கள்.

பிறகு மின்னஞ்சல். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் யார், எங்கே ஹானர்ஸ் முடித்தீர்கள், உங்கள் கேள்வி என்ன, அவருடைய எந்தக் கட்டுரை அதோடு தொடர்புடையது, அடுத்த வருடம் மாணவர்களை எடுக்கிறாரா என்ற ஐந்தும் இருந்தால் போதும். கூடவே மதிப்பெண் பட்டியலையும், இரண்டு பக்கத்தில் ஆய்வுச் சுருக்கத்தையும் இணையுங்கள். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்புவது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். பதில் வரவில்லையா, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை மரியாதையாக நினைவூட்டுங்கள். அப்புறமும் இல்லை என்றால் அடுத்தவரிடம் போங்கள்.

முழு ஆய்வேடு எடுப்பவர்களுக்கு வழிகாட்டி சம்மதிக்காமல் இடம் கிடைப்பது கடினம். பெயர்பெற்ற பேராசிரியர் வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்பதைவிட, அதிகம் அறியப்படாத ஒரு விரிவுரையாளர் மாதாமாதம் உங்கள் அத்தியாயத்தைப் படித்துத் திருத்துவது மேல். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள்: வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருப்பித் தருகிறார்? இந்த ஒரு கேள்விக்கான பதில் உங்கள் இரண்டு வருடத்தைத் தீர்மானிக்கும்.

எங்கே?

டர்பன்வாசிகளுக்கு குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் கைக்கெட்டும் தூரத்தில். 2004இல் நட்டால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் இணைந்து உருவானது இது. வெஸ்ட்வில்லின் தொடக்கம், நிறவெறி அரசு 1960களின் தொடக்கத்தில் சால்ஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கல்லூரி. அரசியல் அறிவியலோடு மோதல் தீர்வு மற்றும் சமாதான ஆய்வும் இங்கே உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கில் விட்ஸும் ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகமும், பிரிட்டோரியாவில் பிரிட்டோரியா பல்கலைக்கழகமும், மேற்குப் பக்கம் கேப் டவுன், ஸ்டெல்லன்போஷ், வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. மக்காண்டாவில் ரோட்ஸ், சின்ன ஊர், ஆசிரியர்களோடு நெருக்கமாக வேலை செய்யலாம். வேலை, குழந்தை, வீடு என்று நகர முடியாதவர்களுக்கு யூனிசா. அது தொலைநிலைக் கல்வி. சுய ஒழுங்கு இருப்பவர்களுக்கு நல்ல வழி, மற்றவர்களுக்குத் தனிமை அதிகம்.

ஆய்வுத் திட்ட வரைவு

விண்ணப்பத்தோடு கேட்பது பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து பக்கம். சேர்ந்த பிறகு நீளமாக ஒன்று எழுதித் துறையில் முன்வைக்க வேண்டியிருக்கும். முதல் பக்கத்திலேயே கேள்வி வந்துவிடட்டும். ஏற்கெனவே எழுதியவர்கள் என்ன சொன்னார்கள், அவர்கள் விட்டது என்ன என்பதைப் பட்டியலாக அடுக்காமல் வாதமாக எழுதுங்கள். எப்படி ஆராயப்போகிறீர்கள் என்ற பகுதியில் "நேர்காணல் எடுப்பேன்" என்று நிறுத்தாதீர்கள். யாரை, எத்தனை பேரை, எந்த மொழியில், எப்படித் தேர்ந்தெடுத்து என்று எழுதுங்கள். குவாசூலு-நட்டாலில் மக்களிடம் போய்ப் பேசி ஆய்வு செய்வதாக இருந்தால் ஜூலு கற்கத் தொடங்குங்கள். மொழிபெயர்ப்பாளர் துணையோடு மட்டும் இந்த மாகாணத்தின் அரசியலைப் புரிந்துகொள்ள முயன்றால் பாதிதான் காதில் விழும்.

காகிதங்கள், விசா

கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கும். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் முந்தைய வருடம் ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவில் முடிகிறது. ஒவ்வொரு துறைக்கும் தனித் தேதி. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாக்வா மதிப்பீடு, இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், எழுத்து மாதிரி ஒன்று. பரிந்துரைக் கடிதத்தை ஆசிரியர்களிடம் ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயர் இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் முன்னெழுத்தாக இருக்கும். இங்கே எல்லாப் படிவமும் குடும்பப் பெயர் கேட்கும். பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். சாக்வாவில் ஒரு விதமாகவும் பல்கலைக்கழகத்தில் இன்னொரு விதமாகவும் எழுதினால் பிறகு பிரமாணப் பத்திரம் வரை போக வேண்டியிருக்கும்.

வெளிநாட்டவர்களுக்குப் படிப்பு விசா வேண்டும். சேர்க்கைக் கடிதம், பணம் இருப்பதற்கான சான்று, காவல்துறைச் சான்று, இங்கே பதிவான மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்பார்கள். கணவரோ மனைவியோ வேலை விசாவில் இருக்க, உடன் வந்தவர் என்ற விசா மட்டும் பட்டப் படிப்புக்குப் போதாது. படிப்பதற்கான அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும். படிப்பு விசாவில் இருப்பவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம்.

பணம்

என்ஸ்ஃபாஸ் எனப்படும் அரசு மாணவர் நிதியுதவித் திட்டம் இளங்கலைக்கானது, மாஸ்டர்ஸுக்கு அதை எதிர்பார்க்காதீர்கள். முக்கியமானது தேசிய ஆய்வு அறக்கட்டளையின் உதவித்தொகை. மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது வயது 30க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு. அதன் கெடு பல்கலைக்கழகச் சேர்க்கைக் கெடுவுக்கு முன்பே முடிந்துவிடுவது வழக்கம், அதனால் இடம் உறுதியாகும் வரை காத்திருக்கக் கூடாது. ஆப்பிரிக்க நாட்டுக் குடியுரிமையும் 19 முதல் 29 வயதும் உள்ளவர்கள் மண்டேலா ரோட்ஸ் உதவித்தொகைக்கு முயலலாம். தெற்கு ஆப்பிரிக்க மாணவர்களுக்கு கேனன் காலின்ஸ் அறக்கட்டளை இருக்கிறது. ஆய்வு மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு. குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். துறையில் இளங்கலை மாணவர்களுக்கு டியூட்டர் வேலை கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். வருமானம் சிறிது, ஆனால் பாடத்தை இன்னொருவருக்கு விளக்கும்போதுதான் நமக்கே தெளிவாகும்.

சேர்ந்த பிறகு: நெறிமுறை அனுமதி

மனிதர்களிடம் பேசி ஆய்வு செய்வதாக இருந்தால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும் வரை ஒரு நேர்காணலும் எடுக்கக் கூடாது. பின்தேதியிட்டு அனுமதி தர மாட்டார்கள். முன்கூட்டி எடுத்த நேர்காணலை ஆய்வேட்டில் பயன்படுத்தவும் முடியாது. கோயில் கமிட்டி, பள்ளி, கட்சி அலுவலகம், நகராட்சி என எந்த அமைப்புக்குள் போனாலும் அந்த அமைப்பின் அனுமதிக் கடிதம் முதலில் வேண்டும். கமிட்டி மாதம் ஒருமுறைதான் கூடும் என்பதால் கடிதத்தைச் சீக்கிரம் கேட்டுவிடுங்கள்.

2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் 30க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி ஆராய விரும்புகிறவர்கள் இப்போது பலர். செய்ய வேண்டிய ஆய்வுதான். ஆனால் பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் கேள்வித்தாளோடு போவது சாதாரண காரியமில்லை. பேசிய பிறகு அவருக்கு மனநல உதவி தேவைப்பட்டால் யாரிடம் அனுப்புவீர்கள், பெயரை எப்படி மறைப்பீர்கள், ஒலிப்பதிவை எங்கே பூட்டி வைப்பீர்கள் என்றெல்லாம் குழு கேட்கும். கேட்க வேண்டும். முதல் ஆய்வில் இவ்வளவு பாரத்தைத் தூக்குவதைவிட, மனித உரிமை ஆணையத்தின் பொது விசாரணைப் பதிவுகள் போன்ற ஏற்கெனவே வெளிவந்த ஆதாரங்களை வைத்துச் செய்யலாமா என்று வழிகாட்டியோடு பேசுங்கள்.

வேலை

வீட்டில் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். நாடாளுமன்றத்திலும் மாகாணச் சட்டமன்றங்களிலும் ஆய்வாளர் பணிகள் இருக்கின்றன. தேர்தல் ஆணையம், அயலுறவுத் துறை, மனித அறிவியல் ஆய்வுக் கழகம், பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், டர்பனுக்குப் பக்கத்திலேயே மவுண்ட் எட்ஜ்கோம்பில் இருக்கும், மோதல் தீர்வில் வேலை செய்யும் அக்கார்ட் போன்ற அமைப்புகள், பத்திரிகைகள், தொழிற்சங்கங்கள் எல்லாம் இந்தப் படிப்பு படித்தவர்களை எடுக்கின்றன. கணக்காளர் படிப்பு மாதிரி நேர்கோட்டில் வேலைக்குக் கொண்டுபோகாது என்பதை அப்பா அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். கூடவே தரவுப் பகுப்பாய்வு, அறிக்கை எழுதுதல், இன்னொரு ஆப்பிரிக்க மொழி என்று ஏதாவது ஒரு கைத்திறனோடு வெளியே வருபவர்களுக்கு வாய்ப்பு நிச்சயம் அதிகம். படிக்கும்போதே இவற்றில் ஒரு அமைப்பில் சில மாதங்கள் பயிற்சிக்குப் போய்விடுங்கள்.

சமர்ப்பிக்கும்போது

சமர்ப்பிக்கப் போகிறேன் என்று சில மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், தேர்வாளர்களை அப்போதுதான் நியமிப்பார்கள். அவர்களில் ஒருவராவது வேறு பல்கலைக்கழகத்தவராக இருப்பார். மாஸ்டர்ஸுக்குப் பொதுவாக வாய்மொழித் தேர்வு கிடையாது, அறிக்கைகள் எழுத்தில் வரும். அவை வர மாதங்கள் ஆகலாம், திருத்தங்கள் இல்லாமல் வருவது அரிது. 75 சதவீதமும் அதற்கு மேலும் வாங்கினால் டிஸ்டிங்ஷன். திருத்திய பிரதி பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியத்துக்குப் போகும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆகவே நேர்காணல் தந்தவர்களின் பெயரோ அடையாளமோ எங்காவது தவறிப்போய் இருக்கிறதா என்று பின்னிணைப்புகள் உட்பட ஒருமுறை முழுதும் பார்த்த பிறகே அதை அனுப்புங்கள்.